இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே

வலது கைச் சுட்டுவிரலில் மஞ்சள் துணியைச் சுற்றிக்கொண்டு, சளி பிடித்த குழந்தைக்கு மூக்குத் துடைப்பதுபோல மூலை மூலையாக, முதலில் மேல் விளிம்பு, பிறகு இரண்டு குமிழ்களின் கழுத்து, கடைசியில் கண்ணாடி, வாயால் ஊதாமல், ஊதினால் எச்சில் தெறிக்குமாம், மூச்சைக்கூடத் தோள் பக்கம் திருப்பி விட்டபடி வசந்தாமணி துடைத்துக்கொண்டிருக்கிறாள், காலை ஆறரை மணி, என் அடுப்படி ஜன்னலுக்கு நேர் எதிரே அவர்கள் வீட்டு முன்னறை ஜன்னல், நடுவே பத்தடிச் சந்து, ஹவுசிங் போர்டுக்காரர்கள் காற்றோட்டத்துக்கு என்று விட்ட இடம், எனக்கென்று விட்டதாகவே நான் எடுத்துக்கொண்டேன், பதினெட்டு வருடமாகப் பாலை ஒரு கண்ணாலும் அந்த ஜன்னலை இன்னொரு கண்ணாலும் பார்த்து வருகிறேன், பால்தான் அடிக்கடி பொங்கி வழிந்திருக்கிறது. துடைத்தபின் அவள் அதை மடியில் வைத்துப் பத்து நிமிடம் தட்டுவாள், பிறகு சிவப்பு வெல்வெட் விரித்த எவர்சில்வர் டப்பாவுக்குள் படுக்க வைத்து மூடுவாள், சாயங்காலம் ஆறு மணிக்கு அதே டப்பாவை அவள் புருசனின் தங்கை ரங்கநாயகி திறப்பாள், அதே துணி, ஆனால் இவள் முதலில் கண்ணாடியைத் துடைத்துவிட்டு அப்புறம் மூலைக்குப் போவாள், தூசியைக் கொண்டுபோய் மூலையில குடி வெக்கறா பாருங்க்கா என்று வசந்தாமணி என்னிடம் சொல்வாள், ரங்கநாயகியிடம் சொல்ல மாட்டாள், ஒரே வீட்டில், ஒரே முன்னறையில், எட்டடி தள்ளிப் போட்ட இரண்டு கட்டில்களில் படுத்து எழுகிற அந்த இரண்டு பெண்களும் ஒருவரோடு ஒருவர் பேசி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

தெரியாதவர்கள் பார்த்தால் அதை ஏதோ சாமி விக்கிரகம் என்று நினைப்பார்கள், அது ஒரு கேம், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விளையாடுகிற பெட்டி, ஒரு தோசைத் திருப்பியின் நீளம் இருக்கும், வசந்தாமணியின் புருசன் நஞ்சப்பனுக்கு ஜவுளிக்கடைத் தீபாவளிக் குலுக்கலில் விழுந்தது, அவர் கண் வைத்திருந்தது இரண்டாம் பரிசான கிரைண்டர்மேல், விழுந்தது மூன்றாம் பரிசு, மில்லில் முப்பத்து மூன்று வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்து வெளியே வந்த மனிதர், ஐம்பத்தாறு வயதில் கையில் ஒரு குழந்தைச் சாமானோடு படியேறி வருகிறார், நான் வழியிலேயே நிறுத்திக் கேட்கிறேன், ஏனுங்ண்ணா, இத வெச்சு என்ன பண்ணப்போறீங்க, அவர் அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்க்கிறார், மெசினுங்க அம்மிணி, மொதல்ல இதுக்கு மெயின்டனன்ஸ் என்னன்னு பாக்கோணும், விளையாடறதப் பத்தி அப்பறம் யோசிக்கலாம். ஒரு வாரம் விளையாடவே இல்லை, கூடவே வந்த சின்னப் புத்தகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தார், அதில் இருந்ததோடு மில்லில் தான் கற்றதையும் சேர்த்துக்கொண்டார், சாப்பிட்ட கையால் தொடக் கூடாது, கை கழுவினாலும் ஈரம் காயும்வரை தொடக் கூடாது, வெயில் விழுகிற ஜன்னல் கட்டையில் வைக்கக் கூடாது, மெத்தைமேல் போட்டு சார்ஜ் ஏற்றினால் சூடு போக வழியில்லை, பலகைமேல்தான் வைக்க வேண்டும், சார்ஜ் ஏறும்போது விளையாடுவது ஓடுகிற மெசினுக்கு எண்ணெய் விடுவதுபோல, கையை எடுத்துவிடும், ஒயரை முறுக்கிச் சுற்றாதே, அதற்கும் நரம்பு இருக்கிறது, குமிழைக் கட்டைவிரலால் அமுக்காதே, தடவு, எல்லாவற்றுக்கும் மேலாக இருபது சதவீதத்துக்குக் கீழே இறங்க விடாதே, எண்பதுக்கு மேலே ஏற்றாதே, வயிறு முட்டத் தின்னாலும் கெடும், பட்டினி போட்டாலும் கெடும், நம்முளுக்கும் அப்படித்தான அம்மிணி என்று அவர் என் வயிற்றைப் பார்த்துச் சொன்னதாக எனக்கு அன்றைக்குப் பட்டது, இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை, அதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

உள்ளே ஒரு தோட்டம், ஒரு குளம், நாலு கோழி, மண்ணைக் கொத்தி விதை போட்டால் முளைக்கும், இரண்டு நாள் எட்டிப் பார்க்காவிட்டால் களை மண்டும், அவர் தினமும் எட்டு மணிக்கு, அதே மில் ஷிப்டு நேரத்துக்கு, தலை சீவிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார், வசந்தாமணி ஒரு பக்கமும் ரங்கநாயகி ஒரு பக்கமும் இருந்து எட்டிப் பார்ப்பார்கள், பிள்ளை இல்லாத வீடு, ரங்கநாயகி கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவள், நர்சரிப் பள்ளி டீச்சர், ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குச் சிந்திவிட்டு வந்து அண்ணன் வீட்டில் உட்கார்வாள், அண்ணா தக்காளி பழுத்திருச்சு பறியுங்க என்பாள், இரு கண்ணு இன்னுஞ் செவக்கட்டும் என்பார் அவர், நங்கை நீங்க சொல்லுங்க என்று இவள் அண்ணியைக் கூட்டுச் சேர்ப்பாள், எங்கள் பக்கம் அண்ணன் பெண்டாட்டியை நங்கை என்றுதான் கூப்பிடுவது, அந்த நங்கை பறிச்சுப்போடுங்க மாமா, அணில் கடிச்சிறப் போவுது என்பாள், பெட்டிக்குள் ஏது அணில், மூன்று பேரும் சிரிப்பார்கள், என் ஜன்னலில் நின்றுகொண்டு நானும் சிரித்திருக்கிறேன், என்ன பேச்சு என்று கேட்காமலே.

பிறகு ஒரு ஆடி மாதம் அவருக்கு மூச்சுத் திணறல் வந்தது, ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள், பெட்டியும் கூடவே போனது, ஒன்பதாம் நாள் மத்தியானம் பெட்டி பதினேழு காட்டியது, கட்டிலுக்குப் பக்கத்து பிளக் பாயிண்டில் அவருக்கே ஒரு மெசின் சொருகியிருந்தது, வசந்தாமணி பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள், பலகைமேல் வைத்து சார்ஜ் போட்டாள், நான் இங்கிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், கோழி முட்டைக்குக் காத்திருப்பதுபோல எதிரே உட்கார்ந்திருக்கிறாள், எண்பது வந்ததும் பிடுங்கி, ஒயரைத் தளரச் சுற்றிப் பையில் வைத்து, பஸ் ஏறினாள், அவள் ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்குவதற்குள் அவர் போய்விட்டார், ரங்கநாயகி மட்டும் பக்கத்தில் இருந்திருக்கிறாள். மறுநாள் கீழே பந்தலில், உறவு சனமெல்லாம் உட்கார்ந்திருக்க, ரங்கநாயகி யாரையும் பார்க்காமல் சொன்னாள், எண்பது ஆவறதுக்குள்ள எங்கண்ணன் போயிருச்சு, சிலருக்குப் பொட்டிதான் முக்கியம். அவ்வளவுதான், ஒரு வாக்கியம், அதற்கப்புறம் வசந்தாமணி அவளோடு பேசவில்லை, அவளும் பேசவில்லை, வீட்டை விட்டு யாரும் போகவுமில்லை, யார் போனாலும் பெட்டி மற்றவளிடம் இருந்துவிடும், தோட்டத்தில் களை மண்டக் கூடாது, அதனால் காலை ஒருத்தி, மாலை ஒருத்தி, இவள் விதை போட்டதை அவள் பிடுங்க மாட்டாள், அவள் தண்ணீர் விட்டிருந்தால் இவள் மறுபடி விட மாட்டாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன், வாயால் பேசாதவர்கள் அந்தத் தோட்டத்தில் ஒருத்தி வைத்த செவ்வந்திக்கு இன்னொருத்தி வேலி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் தோட்டத்தில் சொல்ல முடியாத சங்கதிகள் இருக்கிறதே, நேத்து தொண்ணூறு வரைக்கும் ஏத்தியிருக்கறா, கேளுங்க எதுத்தூட்டக்கா என்பாள் வசந்தாமணி, எதிர்வீட்டு அக்கா நான்தான், கேட்பேன், ஒரு கட்டிலிலிருந்து எழுந்து நடந்து இன்னொரு கட்டிலுக்குப் போவேன், எட்டடி, அதற்குள் செய்திக்குக் கண் காது மூக்கு முளைத்துவிடும், தொண்ணூறு ஏத்தினா பேட்டரி வயிறு ஊதிக்குமாமா, உன்ற அண்ணன் சொன்னத நீயே மறந்துட்டியான்னு கேக்கறாங்க என்பேன், ரங்கநாயகி சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்வாள், பள்ளிக்கூடத்துல இருந்து போன் வந்துச்சு, சித்த கவனிக்கல, அந்தம்மா மட்டும் வெளிச்சத்தப் பாதியா வெக்காம முழுசா வெக்கறாங்களே, சார்ஜ் தண்ணியா ஓடுது, அதச் சொல்லுங்க மொதல்ல. வசந்தாமணிக்கும் அது நேராகவே கேட்கும், கேட்டாலும் என் வாயால் ஒருமுறை வந்தால்தான் கணக்கு, நான் திரும்பி எட்டடி நடந்து, வெளிச்சம் குறைச்சா உங்க கண்ணுக்குத்தான் சிரமம், உங்க கண்ணு முக்கியம்ன்றா, ஆனா கொஞ்சம் பாத்துக்கச் சொல்றா என்பேன், சர்க்கரை என் சொந்தச் சரக்கு, காதில் நேராக விழுந்ததை விட்டுவிட்டு நான் சேர்த்த சர்க்கரையை அவள் நம்புவாள், நம்ப வேண்டியிருந்தது போலும், சில நாள் பொழுது போகாவிட்டால் உப்பும் போட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன், பதினோரு மணிக்கு இவள் கொடுக்கும் காப்பி, நாலு மணிக்கு அவள் கொடுக்கும் காப்பி, என் வீட்டில் எனக்கென்று காத்திருந்தது டிவி ரிமோட் மட்டும்தான், அதையும் என் வீட்டுக்காரர் ஏழு மணிக்கு வந்து வாங்கிக்கொள்வார்.

அத்தனை செய்தியையும் சுமந்தேன், ஒன்றே ஒன்றைத் தவிர, அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது, அவர் போய் முப்பதாம் நாள் வசந்தாமணி துணி காயப்போட மொட்டை மாடிக்கு வந்தவள், ஈரப் புடவையைக் கையில் பிடித்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், அவ மருந்து வாங்கக் கீழ போயிருந்தப்ப அவருதானுங்க்கா போகச் சொன்னாரு, இருபதுக்குக் கீழ போயிருச்சு மணி, போய்ப் போட்டுட்டு வா, நான் எங்க போயிறப் போறேன்னாரு, இத மட்டும் அவகிட்டச் சொல்லிப்போடுங்க, எனக்கு வாய் வர மாட்டீங்குது. சொல்லிப்போடறேன் என்று தலையை ஆட்டினேன், அன்றைக்கு ரங்கநாயகிக்குத் தலைவலி, மறுநாள் அவள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா, அதற்கு மறுநாள் கதவு வரை போனேன், அவள் எனக்காக ரவை லட்டு எடுத்து வைத்திருந்தாள், வாங்க எதுத்தூட்டக்கா, உங்களத்தான் பாத்துட்டே இருந்தேன் என்றாள், என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம், அந்த வார்த்தையை என்னிடம் யார் சொல்லியிருக்கிறார்கள், இந்தச் செய்தியைக் கொடுத்துவிட்டால் எட்டடி என்பது வெறும் எட்டடியாகிவிடும், நாளைக்கு யார் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், லட்டைச் சாப்பிட்டேன், நாளை சொல்லலாம் என்றிருந்தேன், நாளை என்பது இரண்டு வருடம் நீளும் என்று யாருக்குத் தெரியும், நாலைந்து முறை வசந்தாமணி கேட்டாள், சொன்னீங்களா, நான் சொன்னேன் சொன்னேன் என்றேன், என்ன சொன்னா, ஒண்ணுஞ் சொல்லலீங், அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள், அவள் முகம் அதற்கப்புறம் கொஞ்சம் இறுகித்தான் போனது, நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பார்ப்பதில் நான் என்றுமே குறை வைத்ததில்லை.

இந்த வருசம் ஆயுத பூசை, எங்கள் ஊரில் அன்றைக்கு ஸ்குரு டிரைவருக்குக்கூடப் பொட்டு வைத்துவிடுவார்கள், லேத்துக் கடை, மோட்டார் கடை, வாசலெல்லாம் வாழைக் கன்று, நஞ்சப்பன் போனபின் முதல் வருசம் பண்டிகை கிடையாது, இரண்டாம் வருசம் யார் ஆரம்பிப்பது என்று இரண்டு பேரும் ஆரம்பிக்காமல் விட்டார்கள், இந்த வருசம் காலையில் ரங்கநாயகி அண்ணனின் ஸ்பேனர் செட்டைத் தேய்த்துக் கழுவிப் பலகையில் அடுக்கி, பொட்டு வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள், அந்த நேரம் பார்த்து வசந்தாமணி டப்பாவைத் திறந்து, பெட்டியை எடுத்து ஸ்பேனர்களுக்கு நடுவே சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்தாள், பெட்டிக்குப் பொட்டு வைக்கவில்லை, ஈரம் ஆகாது என்று அவளுக்குத் தெரியும், டப்பா மூடிக்கு மட்டும் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள், நான் சுண்டல் கிண்ணத்தோடு உள்ளே வருகிறேன், கூடத்தில் யாருமில்லை, பத்தி புகைகிறது, சுத்தியலுக்குப் பொட்டு இருக்கிறது, ஸ்பேனருக்கு இருக்கிறது, தையல் மெசினுக்கு இருக்கிறது, நடுவே அது மட்டும் மொட்டை நெற்றியோடு, எனக்கு மனசு கேட்கவில்லை, இத்தனை நாளாக இதைத் தொட எனக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை, கை கழுவிட்டீங்களா, ஈரங் காஞ்சுதா என்று ஆயிரம் கேள்வி, பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கெட்டியாக விரலில் எடுத்தேன், ஆனால் அதற்கு நெற்றி எது, கண்ணாடியில் வைத்தால் இரண்டு பேரும் என்னைக் கொன்றுவிடுவார்கள், அவள் தலைகீழாக நிறுத்தியிருந்தாளோ என்னவோ, மேல் விளிம்பில் நட்ட நடுவில் சின்னதாக ஒரு பள்ளம், பொட்டு வைப்பதற்கென்றே கடைந்து விட்டதுபோல, இதுதான் நெற்றி என்று எனக்குப் பட்டது, நன்றாக அழுத்தி வைத்தேன், மேலே குங்குமமும் வைத்து, ஒரு கும்பிடும் போட்டுவிட்டு, அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்துக்கொண்டே போனேன்.

பூசையில் வைத்ததை அன்றைக்கு எடுக்கக் கூடாது, மறுநாள் எடுத்தபோது அது சார்ஜ் ஏறவில்லை. சொருகினால் பாதிதான் போகிறது, சந்தனம் உள்ளே காய்ந்து சிமென்டாகிவிட்டது, பெட்டி இருபத்து மூன்று காட்டியது, வசந்தாமணி என்னை ஜன்னல் வழியாகவே கூப்பிட்டாள், பொட்டு வெச்சிருக்கறா எதுத்தூட்டக்கா, சார்ஜ் போடற ஓட்டையில பொட்டு வெச்சிருக்கறா, கேளுங்க அவள, அவங்கண்ணன் இருந்திருந்தா இப்படிச் செய்வாளான்னு கேளுங்க. என் கால் எட்டடி நடந்தது, வாய் கேட்டது, ரங்கநாயகி வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள், பொட்டிய அங்க கொண்டாந்து வெச்சது யாரு, நானா, செஞ்சத செஞ்சுபோட்டு எம்மேல போடறாங்களா, கேளுங்க. திரும்ப எட்டடி, இந்த முறை சர்க்கரையும் இல்லை, உப்பும் இல்லை, சொன்னதைச் சொன்னபடியே கொண்டுபோனேன், பதினெட்டு வருடத்தில் நான் நேர்மையாகச் செய்தி சொன்னது அந்த ஒரு நாள்தான், என் விரல் நகத்துக்குள் சந்தனம் இன்னும் மஞ்சளாக இருந்தது, முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். சார்ஜ் அடியோடு தீர்ந்தால் தோட்டம் அழிந்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள், நானும் நம்பினேன், அதனால் விளையாடுவதை நிறுத்தினார்கள், ஒரு நாளைக்கு ஒருமுறை திறந்து, எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிட்டு மூடுவது, இருபது, பதினேழு, பார்ப்பதற்கே மூன்று சதவீதம் செலவாகிறது, களை பிடுங்க முடியவில்லை, செவ்வந்தியெல்லாம் தலை சாய்ந்துவிட்டது என்று வசந்தாமணி சொல்கிறாள், கடைக்குக் கொண்டுபோகலாமே என்றேன், கண்டவங்கிட்டக் குடுத்து அவன் தோட்டத்த அழிச்சுப்போட்டா என்றாள், அந்தக் கட்டிலிலும் அதே பதில், அதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

மத்தியானம் படுத்தால் நான் அந்தத் தோட்டத்தில் நிற்கிறேன், முழங்கால் வரை களை, நாலு கோழியும் வேலியோரம் ஒண்டிக்கொண்டிருக்கின்றன, குளத்தங்கரையில் காக்கிச் சட்டையோடு நஞ்சப்பன் உட்கார்ந்திருக்கிறார், கையை மஞ்சள் துணியில் துடைத்துக்கொண்டே இருக்கிறார், ஒவ்வொரு விரலாக, நான் பேச்சுக் கொடுக்கிறேன், ஏனுங்ண்ணா நல்லா இருக்கறீங்களா, மீன் ஏதாச்சும் மாட்டுச்சா, அவர் திரும்பிப் பார்த்து, வாங்க அம்மிணி என்று மட்டும் சொல்லிப் பக்கத்தில் இடம் விடுகிறார், திட்டவில்லை, எதுவும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பேன், சூரியன் மேற்கே இறங்காமல் பேட்டரிக் கோடு மாதிரி ஒவ்வொரு கட்டமாகக் குறைந்துகொண்டு வருகிறது, எழுந்தேன், தலையணை ஈரம், வேர்வை என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

ஆறாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கீழே ஆட்டோ வந்து நின்றது, ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ரங்கநாயகி கட்டிலுக்கு அடியிலிருந்து நீல சூட்கேசை இழுத்து நேராக நிறுத்துகிறாள், வசந்தாமணி முதுகைக் காட்டிக்கொண்டு எதையும் துடைக்காமல் வெறும் துணியை மடியில் வைத்திருக்கிறாள், நான் பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன், செருப்புக்கூட இல்லை, கதவில் என்னைப் பார்த்ததும் ரங்கநாயகி சொன்னாள், வாங்க எதுத்தூட்டக்கா, அந்தம்மாகிட்டச் சொல்லிப்போடுங்க, நான் லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போறேன், எங்கண்ணன் தோட்டத்த அழிச்ச பேரோட இந்த ஊட்டுல இருக்க முடியாது, பொட்டி அவங்ககிட்டயே இருக்கட்டும், பதினொண்ணு இருக்குது. பெட்டியையே விட்டுவிட்டுப் போகிறாள் என்றால் இது வீம்பு இல்லை, வசந்தாமணி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள், போறவங்கள நான் யாரு தடுக்கறதுக்கு, சொல்லுங்க எதுத்தூட்டக்கா. இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள், நான் எந்தக் கட்டில் பக்கமும் நடக்கவில்லை, நடுவிலேயே நின்றேன், நாந்தான் வெச்சேன் என்றேன், என்னத்த என்றாள் ரங்கநாயகி, பொட்ட, நெத்தின்னு நெனச்சுப்போட்டேன் கண்ணு, நட்ட நடுவுல பள்ளமா இருந்துச்சு, மொட்டையா இருக்குதேன்னு மனசு கேக்கல. கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார், சரி, நனைந்தபின் முக்காடு எதற்கு என்று மீதியையும் சொன்னேன், இன்னொண்ணும் இருக்குது, ரெண்டு வருசத்துக்கு முந்தி இவிய ஒண்ணு சொல்லி உட்டாங்க, உங்கிட்டச் சொல்லச் சொல்லி, நான் சொல்லல, சொன்னேன்னு பொய் சொன்னேன், உன்ற அண்ணந்தான் இவங்கள ஊட்டுக்குப் போகச் சொன்னாரு, போய்ப் போட்டுட்டு வா மணி, நான் எங்க போயிறப் போறேன்னாரு.

ஹாரன் மறுபடி அடித்தது. வசந்தாமணி ஜன்னலிலிருந்து திரும்பினாள், என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டிப் பார்த்தாள், இவ உங்கிட்டச் சொல்லவே இல்லியா என்று கேட்டாள், யாரை என்று எனக்கே ஒரு நொடி விளங்கவில்லை, நான் செய்தியை எடுத்துக்கொண்டு போகத் திரும்பினேன், பழக்கம், அதற்குள் பதில் வந்துவிட்டது, இல்லீங் நங்கை, ரங்கநாயகிதான், சூட்கேசைப் படுக்கப் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள், எங்கண்ணனா அப்படிச் சொல்லுச்சு, ஆமா, சிரிச்சுட்டே சொன்னாரு, நான் ஒரு மணி நேரம் ஆகும்ன்னேன், ஆகட்டும் எண்பது வந்தா எடுத்துருன்னாரு, அதுக்கும் மேல ஏத்திப்போடாதன்னாரு, அதான் கண்ணு எண்பது வரைக்கும் உக்காந்திருந்தேன், அம்பதுலயே எடுத்துட்டு வந்திருக்கலாம், தெனமும் நெனைக்கறேன், அம்பதுலயே எடுத்துட்டு வந்திருக்கலாம். நீங்க போனப்பறம் ஒருக்காக் கண்ணத் தொறந்துச்சு நங்கை, என்றாள் ரங்கநாயகி, மணி எங்கன்னு கேக்கல, பொட்டி எங்கன்னும் கேக்கல, சிரிச்ச மாதிரி இருந்துச்சு, அத நானும் உங்களுக்குச் சொல்லல. ஆட்டோக்காரர் கீழிருந்து, ஏனுங்க வர்றீங்களா இல்லியா என்று கத்தினார், வரலீங்க போங்க என்று இரண்டு பேரும் சேர்ந்து கத்தினார்கள், சேர்ந்து கத்தியதும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், பிறகுதான் என் நினைவு வந்திருக்க வேண்டும், ரெண்டு வருசம் காப்பி குடிச்சிருக்கறா பாருங்க நங்கை, ரவை லட்டு வேற குடுத்தேன், எனக்குப் பேச்சே வர மாட்டீங்குது கண்ணு, நெத்தியாமா நெத்தி, இவ நாக்குல வெக்கோணும் அந்தச் சந்தனத்த, கால் மணி நேரம் ஒருத்தி விட்ட இடத்திலிருந்து ஒருத்தி எடுத்துக்கொண்டார்கள், நடுவில் நின்று வாங்கிக்கொண்டேன், ஒரு வார்த்தையைக்கூடத் தவறவிடவில்லை, என்னைத் திட்டுவதற்கு அவர்களுக்கு இப்போது இடையில் யாரும் வேண்டியிருக்கவில்லை, ஏனோ எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கறா பாருங்க நங்கை என்று அதற்கும் திட்டு விழுந்தது, என் வீட்டிலிருந்து பால் தீய்ந்த வாடை சந்துக்கு இந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தது.

மூன்று பேருமாகத்தான் வில்சன் கடைக்குப் போனோம், நடுவில் உட்கார எனக்கு இடம் தரவில்லை, பஸ்ஸில் பின் சீட்டு, செல்போன் ரிப்பேர் பார்க்கிற வில்சன் கண்ணில் ஒற்றைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே பார்த்தார், இருபது வருசமா கடை வெச்சிருக்கறேன், கரப்பான் எடுத்திருக்கறேன், எறும்புப் புத்து எடுத்திருக்கறேன், சந்தனம் இப்பத்தானுங்க எடுக்கறேன் என்றார், மெல்லிய தூரிகையை ஏதோ திரவத்தில் தொட்டுத் தொட்டு முக்கால் மணி நேரம், வசந்தாமணி நடுவில் கேட்டாள், சார்ஜ் தீந்துட்டா உள்ள இருக்கற தோட்டம் போயிருமுங்களா, அவர் நிமிராமலே சொன்னார், அதெப்படிப் போகும், கரண்டு போனா ஊட்டுல பாத்திரம் பண்டமெல்லாமா போயிருது, உள்ளதான் இருக்கும், எப்ப சார்ஜ் போட்டாலும் வரும். அதைக் கேட்டு இரண்டு பேரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டதை நான் பின்னாலிருந்து பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை. ஆனால் உள்ளே ஒரு பக்கத்துத் தகடு அரித்துவிட்டிருந்தது, புதிது வர மூன்று வாரம் ஆகும், அதுவரை ஒயரைக் கொஞ்சம் சாய்த்து விரலால் தாங்கிப் பிடித்தால்தான் ஏறும், ஆடாம யாராச்சும் புடிச்சிட்டே இருக்கோணுமுங்க என்றார் வில்சன், இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நாலு மணி, கட்டில்களுக்கு நடுவே ஒரு முக்காலி, முன்னால் பலகை, பலகைமேல் பெட்டி, கையைக் கழுவி ஈரம் காயும்வரை விசிறிக் காட்டிவிட்டுத்தான் தொட விட்டார்கள், கட்டைவிரலால் ஒயரைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சார்ஜ் ஏறும்போது விளையாடக் கூடாது என்பதால் அவர்களுக்குப் பேசுவதைத் தவிர வேறு வேலையில்லை, என் தலைக்கு மேலே பேச்சு போகிறது, வருகிறது, களை எங்கிருந்து ஆரம்பிப்பது, செவ்வந்திக்கு விதை மிச்சம் இருக்கிறதா, அண்ணன் சின்ன வயசில் கடிகாரத்தைப் பிரித்துவிட்டுச் சேர்க்கத் தெரியாமல் அழுதது, அதை வசந்தாமணி இத்தனை வருசத்தில் கேள்விப்பட்டதே இல்லையாம், என்னிடம் யாரும் எதையும் சொல்லி விடவில்லை, அசையாதீங்க எதுத்தூட்டக்கா என்று மட்டும் அவ்வப்போது, எதிரே சந்துக்கு அந்தப் பக்கம் என் அடுப்படி ஜன்னல் தெரிகிறது, இவ்வளவு பக்கத்திலா இருந்தது, அங்கிருந்து பார்க்கும்போது இந்த அறை பெரிதாகத் தெரியும், எழுபத்தாறு, எழுபத்தெட்டு, வசந்தாமணியின் பேச்சு குறைகிறது, கண் எண்ணிலேயே நிற்கிறது, எழுபத்தொன்பது, அவள் கை மடியிலிருந்து எழுந்துவிட்டது, எண்பது வந்ததும் பிடுங்கக் குனிகிறாள், ரங்கநாயகி எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறாள், இருக்கட்டும் நங்கை, இன்னிக்கு ஒரு நாளைக்குப் போற வரைக்கும் போகட்டும், உங்கண்ணன் எண்பதுன்னு சொல்லியிருக்கறாரே கண்ணு, எங்கண்ணன்தான, நான் சொல்லிக்கறேன், நீங்க உக்காருங்க. வசந்தாமணி உட்கார்கிறாள், அழுகிறாளா என்று கழுத்தைத் திருப்பிப் பார்க்க ஆசைதான், திருப்பினால் ஒயர் ஆடும், எண்பத்தொன்று, அந்தக் கை இன்னும் இந்தக் கையை விடவில்லை, எண்பத்திரண்டு, நூறுக்கு இன்னும் எவ்வளவு நேரமோ, என் கட்டைவிரல் மரத்துப் போய் வெகு நேரமாகிறது, அதை இவர்களுக்கு யாரிடம் சொல்லி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டு அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன்.